ஒரு பின்னக்கோட்டுக்குப் பின்னால் இத்தனை கதையா! தெரியுமா?

வேர்டில் ஒரு கோப்பைத் திறந்துவைத்து, ஆல்ட் பொத்தானை அழுத்தியபடியே சமக்குறியைத் தட்டிப் பாருங்கள். ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும். அதற்குள் 1/2 என்று அடித்துவிட்டு ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு. அவ்வளவுதான்! ஒன்று மேலே ஏறிக்கொள்ளும், இரண்டு கீழே இறங்கிக்கொள்ளும், நடுவில் கச்சிதமாக ஒரு கோடு விழும். இன்னும் வேண்டுமா? ஒரு பேக்ஸ்லாஷ் போட்டு, ஆல்ஃபா என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து ஸ்பேஸ் விடுங்கள், α வந்துவிடும். பேக்ஸ்லாஷோடு ஐ, என், டி என்ற மூன்றே எழுத்து அடித்தால் ∫ நிமிர்ந்து நிற்கும். கூகுள் டாக்ஸிலும் ஏறக்குறைய இதே வித்தைதான். இன்செர்ட் பட்டியலில் ஈக்வேஷனைத் தேர்ந்தெடுங்கள். அதே பேக்ஸ்லாஷ் சொற்கள் பல அங்கேயும் வேலை செய்யும்.

ஒரு தட்டில் விழும் அந்தக் கோட்டுக்காக எத்தனை பேர் எத்தனை ஆண்டு உழைத்திருக்கிறார்கள் என்று தேடிப்போனால் ஆச்சரியத்துக்கு மேல் ஆச்சரியம். அச்சுக்கூடத்து ஈய எழுத்தில் தொடங்கி, அமெரிக்கப் பேராசிரியர் ஒருவரின் பிடிவாதத்தைக் கடந்து, நம் ஊர்ப் பழைய பின்னங்களான முந்திரி, காணி வரைக்கும் அந்தக் கதை நீள்கிறது.

சமக்குறிக்கு ஐந்நூறு வயதுகூட ஆகவில்லை, தெரியுமா?

கணிதம் ஆயிரக்கணக்கான ஆண்டு பழையது. அதை எழுதும் குறிகளோ நேற்றுப் பிறந்தவை! ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல் குவாரிஸ்மி, இயற்கணிதத்துக்கே அடித்தளம் போட்ட தன் நூலில் ஒரு குறியைக்கூடப் பயன்படுத்தவில்லை. முழுக்க முழுக்கச் சொற்கள்தான். ஒரு பொருளை அதனாலேயே பெருக்கி, அதோடு அதன் பத்து மடங்கைக் கூட்டினால் முப்பத்தொன்பது வருகிறது, பொருள் எவ்வளவு என்கிற பாணியில்தான் அவருடைய சமன்பாடுகள் ஓடும். கூட்டல், கழித்தல் குறிகள் அச்சில் வந்தது 1489-ல், யொஹான்னஸ் விட்மன் எழுதிய ஜெர்மன் வணிகக் கணக்குப் புத்தகத்தில். √ வந்தது 1525-ல். ∞ வந்தது 1655-ல். π-க்கு இன்றைய பொருளைக் கொடுத்தவர் வில்லியம் ஜோன்ஸ், 1706-ல். நீண்டு வளைந்த ∫ குறியைக் கணித அறிஞர் லைப்னிட்ஸ் தன் கையெழுத்துத் தாளில் முதன்முதலாக இழுத்தது 1675 அக்டோபர் 29. நாள்கூடத் தெரிகிறது!

சமக்குறியைக் கொண்டுவந்தவர் ராபர்ட் ரெகார்ட் என்ற வேல்ஸ் நாட்டு மருத்துவர். 1557-ல் வெளியான தன் கணிதநூலில், ஒவ்வொரு முறையும் 'இதற்குச் சமம்' என்று எழுதிச் சலித்துப்போய், இணையாக இரண்டு கோடு போட்டார். இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறு எவை என்பதுதான் அவர் சொன்ன காரணம். அந்தக் கோடுகள் இன்றைய = குறியைவிடப் பல மடங்கு நீளம். ஆனால் அது பரவியதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அடுத்த ஆண்டே லண்டனில் கடன் சிறையில் இறந்துபோனார். எண்பது ஆண்டு கழித்து 1637-ல் கணித அறிஞர் டேகார்ட் எழுதிய வடிவியல் நூலில்கூட ரெகார்டின் குறி இல்லை, வேறு ஏதோ ஒரு குறி இருக்கிறது. இன்று கீபோர்டில் அந்த இரண்டு கோட்டுக்குத் தனி விசையே இருக்கிறது. அதைத் தட்டித்தான் வேர்டில் சமன்பாட்டுப் பெட்டியையே திறக்கிறோம்.

பின்னத்தின் கதையும் அப்படித்தான். இந்தியக் கணித அறிஞர்கள் மேலே ஒரு எண், கீழே ஒரு எண் என்று அடுக்கித்தான் பின்னம் எழுதினார்கள். நடுவில் கோடு கிடையாது! கோடு போடும் வழக்கம் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்க அரபுக் கணித அறிஞர்களிடமிருந்து வந்தது.

கணிதப் பக்கம் என்றால் அச்சுக்கூடத்தில் கூடுதல் கூலி!

ஈய எழுத்துக் காலத்தில் ஒரு கணிதப் பக்கத்தை அடுக்குவது எப்பேர்ப்பட்ட வேலை தெரியுமா? கதைப் புத்தகம் என்றால் கம்பாசிட்டர் வரிசையாக எழுத்தைக் கோத்துக்கொண்டே போகலாம். எல்லாம் ஒரே உயரம், ஒரே கோடு. பின்னம் வந்தால் வரி இரண்டாகப் பிளக்கும். அடுக்கு வந்தால் பொடி எழுத்தை எடுத்து, அது கீழே நழுவாமல் அடியில் ஈயத் துண்டைச் செருக வேண்டும். வர்க்கமூலத்தின் மேற்கோட்டை நீளம் பார்த்து வெட்டிப் பொருத்த வேண்டும். ∑ குறிக்கு மேலே ஒரு வரம்பு, கீழே ஒரு வரம்பு. இத்தனையும் முடிந்த பிறகு ஒரு துண்டு அசைந்தாலும் மொத்தப் பக்கமும் ஆட்டம் காணும். ஆங்கில அச்சுக்கூடங்களில் இந்த மாதிரிப் பக்கங்களுக்குச் சாதாரணப் பக்கத்தைவிடக் கூடுதல் கட்டணம். அதற்கென்று தனிப் பெயரே இருந்தது.

தட்டச்சு வந்ததும் எளிதாகிவிட்டதா? எங்கே! ஆய்வேட்டைத் தட்டச்சு செய்பவர் குறி வர வேண்டிய இடத்தில் வெற்றிடம் விட்டுப்போவார். ஆராய்ச்சி மாணவர் பிறகு மை பேனாவால் ஒவ்வொன்றாக நிரப்புவார். 1961-ல் ஐபிஎம் செலக்ட்ரிக் என்ற தட்டச்சுப்பொறி வந்தது. அதில் எழுத்தெல்லாம் கோல்ஃப் பந்து மாதிரியான ஓர் உருண்டையில் இருக்கும். உருண்டையைக் கழற்றி, கணிதக் குறிகள் உள்ள இன்னோர் உருண்டையை மாட்டி, ஒரு குறியை அடித்து, மறுபடி பழைய உருண்டையை மாட்டி அடுத்த எழுத்தை அடிப்பார்கள். ஒரே வரியில் பல தடவை! பழைய ஆய்வேடுகள் எங்காவது கைக்குக் கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். அந்தப் பொறுமைக்கே தனியாக ஒரு பட்டம் கொடுக்கலாம்.

ஒரு பேராசிரியரின் கோபம் பத்தாண்டுக்கு மேல் நீண்டது, தெரியுமா?

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் நூத், கணினி நிரலாக்கக் கலை பற்றிய தன் பெருநூலின் இரண்டாம் தொகுதிக்கு மறுபதிப்பு கொண்டுவந்துகொண்டிருந்தார். முதல் பதிப்பு ஈய எழுத்தில் அழகாக வந்திருந்தது. 1977 மார்ச்சில் புதிய பதிப்பின் மெய்ப்பு கைக்கு வந்தது. இந்த முறை புகைப்பட முறையில் கோத்தது. பார்த்ததும் மனம் உடைந்துவிட்டது. எழுத்தும் சரியில்லை, இடைவெளியும் சரியில்லை. அதற்குச் சற்று முன்புதான், எழுத்துகளைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக அச்சிடும் எண்ம இயந்திரத்தில் உருவான பக்கங்களை அவர் பார்த்திருந்தார். புள்ளி இருந்தால் 1, இல்லையென்றால் 0. அப்படியானால் புத்தகப் பக்கம் என்பது வெறும் பூஜ்ஜியங்களும் ஒன்றுகளும்தானே! அது கணினிக்காரன் வேலையல்லவா! மே மாதமே திட்டத்தை எழுத உட்கார்ந்துவிட்டார்.

பெருநூலை ஓரமாக வைத்துவிட்டு, ஓராண்டில் முடித்துவிடலாம் என்று தொடங்கிய மென்பொருள்தான் டெக். அது முடிந்தது என்று சொல்லும் நிலைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. காசு எதுவும் கேட்காமல் உலகுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார். இன்றைக்கு உலகின் கணித, இயற்பியல் ஆய்வுக்கட்டுரைகளில் ஏராளமானவை அதன் வழிவந்த மென்பொருளில்தான் எழுதப்படுகின்றன. கூகுள் டாக்ஸிலும் வேர்டிலும் நாம் அடிக்கும் பேக்ஸ்லாஷ் சொற்கள் நூத் வகுத்த மொழியிலிருந்து வந்தவைதான்.

அவர் எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தார் என்பதற்கு ஒரே ஒரு கழித்தல் குறியை எடுத்துக்கொள்ளுங்கள். '5 − 3' என்பதில் குறிக்கு இருபுறமும் இடைவெளி வேண்டும். '−3' என்பதில் இருக்கக் கூடாது, குறி எண்ணோடு ஒட்டி நிற்க வேண்டும். இரண்டும் ஒரே குறி, அடிப்பதும் ஒரே விசை! முன்னால் என்ன இருக்கிறது என்று பார்த்து, இது கழித்தலா, எதிர்ம எண்ணா என்று டெக் தானே முடிவுசெய்கிறது. கழித்தல் என்றால், எழுத்தளவுக்குச் சமமான எம் என்ற அச்சு அலகில் 18-ல் 4 பங்கு இடைவெளி. சமக்குறி என்றால் 18-ல் 5 பங்கு. அதே குறி அடுக்கில் ஏறி உட்கார்ந்தால் இந்த இடைவெளி மறைந்துவிடும், ஏனென்றால் பொடி எழுத்தில் இடைவெளி விட்டால் அடுக்கு சிதறித் தெரியும். எழுத்தளவும் அப்படித்தான். வரியில் 10 புள்ளி, அடுக்கில் 7, அடுக்கின் அடுக்கில் 5. அதற்கு மேல் எத்தனை மாடி கட்டினாலும் 5-லேயே நின்றுவிடும். கண்ணால் படிக்க முடியாத எழுத்து எதற்கு? ஒரு நல்ல கம்பாசிட்டர் வாழ்நாள் அனுபவத்தில் கைக்குள் வைத்திருந்த விதிகளை, பழைய ஆய்விதழ்களை அளந்து பார்த்து, ஒவ்வொன்றாக நிரலுக்குள் எழுதிவைத்தார் நூத். என்னைக் கேட்டால், இருபதாம் நூற்றாண்டின் கைவினைப் பாதுகாப்பு வேலைகளில் இதற்கு ஈடு சொல்வது கடினம்.

எழுத்துருவையும் விட்டுவைக்கவில்லை. மெட்டாஃபான்ட் என்று இன்னொரு மென்பொருள் எழுதி, ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் சமன்பாடுகளாலேயே வரைந்தார். மற்ற எழுத்தெல்லாம் ஓரளவு படிந்துவந்தன. ஆங்கில எஸ் மட்டும் படியவே இல்லை! தூக்கமில்லாமல் அதோடு போராடிக்கொண்டிருந்தவரிடம், எஸ் மாதிரியே போட்டால் போயிற்று என்றாராம் அவர் மனைவி ஜில். பிறகு அந்த ஒரு எழுத்தைப் பற்றி மட்டுமே ஒரு தனிக் கட்டுரை எழுதி 1980-ல் கணித இதழ் ஒன்றில் வெளியிட்டார்.

இன்னும் கேளுங்கள். டெக்கின் பதிப்பு எண் ஒவ்வொரு திருத்தத்துக்கும் π-யை நோக்கி ஓர் இலக்கம் நகர்கிறது. 2021-ல் வந்தது 3.141592653. மெட்டாஃபான்டின் எண் மற்றொரு புகழ்பெற்ற மாறிலியை நோக்கிப் போகிறது, 2.71828182. தான் இறந்த பிறகு பதிப்பு எண்ணை π என்றே மாற்றிவிட வேண்டும், மிச்சம் இருக்கும் பிழைகளைத் தொடக்கூடாது என்றும் எழுதிவைத்துவிட்டார். திருத்தத்துக்கு உட்காரும் ஆண்டுகளுக்கும் கணக்கு உண்டு. 2008, 2014, 2021, அடுத்து 2029. இடைவெளி 6, 7, 8 என்று கூடிக்கொண்டே போகிறது! அவருடைய புத்தகங்களில் பிழை கண்டுபிடித்துச் சொன்னவருக்கு 2008 வரை 2 டாலர் 56 சென்ட் காசோலை அனுப்பினார். 256 என்பது இரண்டின் எட்டாம் அடுக்கு. டெக் மென்பொருளில் பிழை என்றால் தொகை இரட்டிப்பாகிக்கொண்டே போய் 327 டாலர் 68 சென்ட்டில் நின்றது. வாங்கியவர்களில் பலர் அதை வங்கிக்குக் கொண்டுபோகவே இல்லை, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள்.

இந்த டெக்கின் மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் கட்டிய எளிய மாடிதான் லேடெக். ஓவர்லீஃப் என்ற இணையதளத்தில் இன்று பல நாட்டு ஆய்வாளர்கள் ஒரே கட்டுரையில் ஒரே நேரத்தில் லேடெக் எழுதுகிறார்கள். அந்தத் தளத்தைத் தொடங்கிய இரண்டு கணிதக்காரர்கள் அதற்கு முன்னால் பார்த்த வேலை, லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கான ஓட்டுநர் இல்லா வண்டித் திட்டம்! நூத்துக்கும் முன்பே, 1970-களின் நடுவில், பெல் ஆய்வகத்தில் பிரையன் கெர்னிகனும் லொரிண்டா செர்ரியும் இன்னொரு வழி கண்டிருந்தார்கள். சமன்பாட்டை வாயால் எப்படிச் சொல்வோமோ அப்படியே அடிக்கும் மொழி அது. கணிதமும் தெரியாத, அச்சுக்கோப்பும் தெரியாத தட்டச்சர்கூட எளிதில் கற்கலாம் என்பதுதான் நோக்கம்.

இயற்பியல் கூடத்தில் பிறந்த வலைக்குச் சமன்பாடு தெரியாது!

வலை பிறந்தது எங்கே? ஜெனீவாவுக்குப் பக்கத்தில், அணுத்துகள் ஆராயும் செர்ன் கூடத்தில், 1989-ல். சுற்றிலும் இருந்தவர்கள் எல்லாம் நாள் முழுக்கச் சமன்பாடு எழுதுகிறவர்கள். ஆனால் வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த எச்டிஎம்எல் மொழியில் ஒரு பின்னம் எழுத வழியில்லை! 1995-ல் வந்த எச்டிஎம்எல் 3 வரைவில் கணிதத்துக்கு இடம் கேட்டார்கள், பிறகு வந்த பதிப்பில் அது கைவிடப்பட்டது. 1998 ஏப்ரலில் மேத்எம்எல் என்ற தனி மொழி அதிகாரபூர்வமாக வந்தது. வந்து என்ன பயன்? பிரவுசர்கள் காட்ட வேண்டுமே. மொசில்லாக்காரர்கள் ஆரம்பத்திலேயே காட்டினார்கள். குரோம் 2013 ஜனவரியில், 24-ஆம் பதிப்பில் சேர்த்தது. அடுத்த பதிப்பிலேயே எடுத்துவிட்டது. மறுபடி சேர்த்தது எப்போது தெரியுமா? 2023 ஜனவரி, 109-ஆம் பதிப்பு. சரியாகப் பத்தாண்டு! அந்த வேலையைச் செய்துகொடுத்தது ஸ்பெயினின் கலீசியாவில் இருக்கும் இகாலியா என்ற சிறிய கூட்டுறவு நிறுவனம்.

நடுவில் அத்தனை ஆண்டும் நாம் எப்படிச் சமாளித்தோம்? படமாகத்தான். விக்கிப்பீடியாவில் 2003 முதல் பல ஆண்டுகள் ஒவ்வொரு சமன்பாடும் ஒரு குட்டிப் படம். பக்கத்தைப் பெரிதாக்கினால் எழுத்து பெரிதாகும், சமன்பாடு மட்டும் மங்கலாகப் பிசிறடிக்கும். 2010-ல் மேத்ஜாக்ஸ் வந்தது. லேடெக்கில் எழுதியதைப் பிரவுசருக்குள்ளேயே எழுத்தாகக் கோத்துக் காட்டியது. 2014-ல் கான் அகாடமியிலிருந்து வந்த காடெக் அதைவிடப் பல மடங்கு வேகம். இன்று ஒரு கணிதப் பக்கத்தைத் திறந்ததும் சமன்பாடு கூர்மையாக நிற்கிறது என்றால், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது.

வேர்டில் இன்னொரு திகில் கதை. பழைய ஈக்வேஷன் எடிட்டரை நினைவிருக்கிறதா, தனி ஜன்னலில் திறக்குமே? அந்த நிரல்கோப்பு 2000 நவம்பரில் உருவானது. பதினேழு ஆண்டு யாரும் தொடாமல் அப்படியே ஒவ்வொரு பதிப்போடும் பயணம் செய்தது. 2017-ல் அதற்குள் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பது வெளியே வந்தது. கோப்பைத் திறந்தாலே போதும், திருடன் உள்ளே வந்துவிடலாம்! 2018 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதை வேரோடு பிடுங்கிவிட்டது. அதனால்தான் பழைய கோப்புகளில் சமன்பாடு கண்ணுக்குத் தெரிகிறது, பழையபடி திருத்த முடிவதில்லை. 2007 முதல் இருக்கும் புதிய வசதிதான் ஆல்ட்டும் சமக்குறியும் சேர்ந்து திறக்கும் பெட்டி.

அந்தப் பெட்டியின் அருமை தமிழில் வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு நன்றாகப் புரியும். பாமினி எழுத்துருவில் வினாத்தாள் அடித்து, நடுவில் எக்ஸ் கூட்டல் ஒய் என்று சாதாரணமாகவே ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். கடைசியில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து மறுபடி பாமினியாக மாற்றினால் அந்தச் சமன்பாடு என்ன ஆகும் தெரியுமா? எழுத்துகளெல்லாம் தமிழாகிவிடும்! பாமினியில் எக்ஸ் விசையில் இருப்பது ஒ, ஒய் விசையில் இருப்பது ல. சமன்பாட்டுப் பெட்டிக்குள் எழுதியிருந்தால் இந்த விபத்து நடக்காது. அது கணித எழுத்துருவை மட்டுமே ஏற்கும், வெளியே எழுத்துரு எப்படி மாறினாலும் அசையாது. யூனிகோடுக்கு மாறிவிட்டால் இந்தப் பயமே இல்லை என்பது வேறு விஷயம். மாறாதவர்கள் தயவுசெய்து மாறிவிடுங்கள்.

யூனிகோடு அட்டவணையில் ஒரு நாற்காலி காலி!

கணிதத்தில் சாய்ந்த எழுத்துக்கு ஒரு பொருள், தடித்த எழுத்துக்கு வேறு பொருள். அதனால் 2001-ல் யூனிகோடு கணித எழுத்துகளுக்கென்று ஒரு தனிப் பகுதியே ஒதுக்கியது. இன்று அதில் 996 எழுத்துகள். சாய்ந்த ஆங்கிலச் சிற்றெழுத்துகள் வரிசையாகப் போகும்போது எச் வர வேண்டிய இடம் மட்டும் வெற்றிடம். ஏன்? இயற்பியலின் பிளாங்க் மாறிலிக்குரிய சாய்ந்த எச் ஏற்கெனவே வேறோர் இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஒரே எழுத்துக்கு இரண்டு நாற்காலி கிடையாது என்று விட்டுவிட்டார்கள்! கீபோர்டில் எண் வரிசைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறுகோடும் உண்மையான கழித்தல் குறி கிடையாது. அது சொற்களை இணைக்கும் கோடு. கழித்தல் குறி கூட்டல் குறியின் அகலத்துக்கு, அதன் நடுக்கோட்டு உயரத்தில் நிற்கும். - என்பதையும் − என்பதையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

அரபு நாடுகள் பலவற்றில் சமன்பாடே வலமிருந்து இடமாக ஓடுகிறது. வர்க்கமூலக் குறிகூடக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி நிற்கும். அதற்கான கணித அரபு எழுத்துகளை 2012-ல் யூனிகோடு சேர்த்தது.

சமன்பாட்டைக் காதால் படிக்கலாம், தெரியுமா?

எனக்கு எல்லாவற்றிலும் பெரிய வியப்பு இதுதான். வகுப்பில் 'ஒன் பை எக்ஸ் பிளஸ் ஒன்' என்று சொன்னால், கோட்டுக்குக் கீழே இருப்பது எக்ஸ் மட்டுமா, எக்ஸ் பிளஸ் ஒன் முழுவதுமா? பலகையைப் பார்ப்பவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். பார்வையில்லாதவர் என்ன செய்வார்? பிறவியிலேயே பார்வையற்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஏப்ரஹாம் நெமெத், பின்னம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதற்கெல்லாம் தனிக் குறி வைத்து ஒரு பிரெயில் முறையை வகுத்தார். 1952-ல் வெளியான அந்த நெமெத் முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

அடுத்த பாய்ச்சல் ஓர் இந்தியருடையது. புணேயில் பிறந்து, பதினான்கு வயதில் பார்வையை முழுவதுமாக இழந்து, மும்பை ஐஐடியில் படித்த டி.வி. ராமன், 1994-ல் கார்னெல் பல்கலைக்கழக முனைவர் பட்டத்துக்காக ஒரு மென்பொருள் எழுதினார். லேடெக்கில் உள்ள கட்டுரையை அது வாய்விட்டுப் படிக்கும். அடுக்கு வந்தால் குரலின் சுருதி ஏறும், கீழ்க்குறி வந்தால் இறங்கும்! மேலே இருப்பதைக் கண் பார்ப்பதுபோல், மேலே இருப்பதைக் காது கேட்கிறது. அந்த மென்பொருளுக்கு அவர் வைத்தது தன் வழிகாட்டி நாயின் பெயரான ஆஸ்டர். அமெரிக்கக் கணினிச் சங்கத்தின் சிறந்த ஆய்வேட்டு விருதையும் அந்த ஆய்வு வென்றது.

இது எப்படி முடிந்தது? லேடெக் கோப்பில் இருப்பது படம் இல்லையே! இது பின்னம், இது தொகுதி, இது பகுதி என்ற அமைப்பு அப்படியே எழுத்தாக இருக்கிறது. மேத்எம்எல்லிலும் அப்படித்தான், வேர்டின் பெட்டியிலும் அப்படித்தான். அந்த அமைப்பு இருந்தால் கணினி அதைப் படித்துக்காட்டும், பிரெயிலாக மாற்றும், பெரிதாக்கும், திருத்தவிடும். படமாக எடுத்து ஒட்டிவிட்டால் எல்லாமே போச்சு. திரையை வாசிக்கும் மென்பொருள் 'படம்' என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் தாண்டிப்போய்விடும். உயர்கணிதம் படிக்கும் பார்வையற்ற மாணவருக்கு அந்த இடத்தில் பாடமே இல்லை. ஆகவே இணையத்தில் பாடம் எழுதுகிற ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்கிறேன்: புகைப்படம் எடுத்து ஒட்டாதீர்கள், சமன்பாட்டுப் பெட்டியைத் திறந்து எழுதுங்கள். முதல் வாரம் கை தடுமாறும், பிறகு பேனாவைவிட வேகமாக ஓடும். 1991 முதல் ஆய்வுக்கட்டுரைகளை இலவசமாகத் தரும் ஆர்க்கைவ் தளம், ஆசிரியர்களிடமிருந்து லேடெக் மூலத்தையே கேட்டு வாங்கிச் சேர்த்துவைத்தது. அதனால்தான் 2023 டிசம்பரிலிருந்து புதிய கட்டுரைகளை வாசிப்பு மென்பொருளுக்கு ஏற்ற வலைப்பக்கமாகவும் தர முடிகிறது.

ராமானுஜனின் நோட்டுப் புத்தகமும் முந்திரியும்

ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்கள் 1957-ல் வெளிவந்தபோது அச்சுக்கோக்கப்படவே இல்லை, தெரியுமா? மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அவற்றைக் கையெழுத்துப் பக்கங்களாக அப்படியே படமெடுத்து இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. 1976-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த 'தொலைந்த நோட்டு'ம் பிறகு படப்பதிப்பாகத்தான் முதலில் வந்தது. முதலில் சொன்ன நோட்டுப் புத்தகங்களின் ஒவ்வொரு வாய்பாட்டையும் கணித அறிஞர் புரூஸ் பெர்ண்ட் நிறுவி, ஐந்து தொகுதிகளாக அச்செழுத்தில் கொண்டுவர 1985-லிருந்து 1998 வரை ஆனது. இந்தியக் கணிதக் கழக இதழில் 1911-ல் ராமானுஜன் கேட்ட ஒரு கேள்வி, வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவே இல்லாமல் போகும்: √(1 + 2√(1 + 3√(1 + …))). விடை வெறும் 3! இதை ஈய எழுத்தில் கோத்தவரை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. லேடெக்கில் ஒரே ஒரு கட்டளையை அதற்குள்ளேயே திரும்பத் திரும்ப எழுதினால் போதும். ஒவ்வொரு குறியும் தனக்குள் இருப்பதன் உயரத்தைத் தானே அளந்து வளர்ந்துகொள்கிறது.

நம் பழைய பின்னங்களுக்கும் கணினியில் இடம் கிடைத்துவிட்டது. கல்வெட்டிலும் கணக்கோலையிலும் கால், அரை, முக்கால் என்பதற்கும், மா, காணி, முந்திரி என்பதற்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. முந்திரி என்பது 320-ல் ஒரு பங்கு. காணி 80-ல் ஒன்று, மா 20-ல் ஒன்று. பின்னக்கோடே வேண்டாம், ஒரே எழுத்தில் ஒரு பின்னம்! 2019 மார்ச்சில் வந்த யூனிகோடு 12-இல் தமிழுக்கென ஒரு கூடுதல் பகுதி திறந்து, இந்தப் பின்னங்களையும் பழைய அளவை, நாணயக் குறிகளையும் சேர்த்து 51 எழுத்துகளை வைத்தார்கள். அதில் 'கீழ்' என்று ஒரு குறி இருக்கிறது. எந்தப் பின்னத்துக்கு முன் போட்டாலும் அதன் மதிப்பை இன்னொரு 320-ஆல் வகுத்துவிடும். கீழ் முந்திரி என்றால் 1,02,400-ல் ஒரு பங்கு, இரண்டே எழுத்தில்! பெரும்பாலான கணினிகளில் இவை இன்னும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். கூகுளின் நோட்டோ வரிசையில் 'தமிழ் சப்ளிமென்ட்' என்ற இலவச எழுத்துரு இருக்கிறது; அதை இறக்கி நிறுவிவிட்டால் வேர்டில் எழுத்துரு பட்டியலில் அது வந்து சேரும், இன்செர்ட் பட்டியலின் சிம்பல் கட்டத்திலிருந்து முந்திரியை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.